கையுறை எழுத்து

அத்தியாயம் 9

பழிவாங்கப் போகிறவர்கள் பொதுவாக அடுத்தவர் டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்பதில்லை. அக்கா கேட்டாள். மூன்று காகிதக் கோப்பைகளையும் மேஜைமேல் வைத்துவிட்டு, சரியாக நான்கு மணிக்கு ஒரு மனிதரின் மானத்தைக் கப்பலேற்றப் போவதாக நிதானமாகச் சொன்னாள்.

ஸ்பீக்கர் கோப்பையை வாய் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாததால் ஊர் வைத்த பெயர் இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் முதலாளியம்மாவுக்கு நேர் எதிரான பெயர், சுருக்கு மேடம். இருபது வருஷம் கோர்ட்டில் அடுத்தவர் பொய்யைச் சுருக்கெழுத்தில் எழுதி எழுதி அலுத்துப்போய், ராஜினாமா செய்துவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பேச்சும் சுருக்கம்தான். அவர் ஒரு நாளில் பேசுவதை ஸ்பீக்கர் பல் தேய்ப்பதற்குள் பேசி முடித்துவிடுவான்.

மூவரும் இருந்தது ஒரு கண்ணாடிக் கூண்டில். துருவ ஆய்வு நிலையத்துப் பெரிய அரங்கின் பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே இருந்தது. இரண்டு நாற்காலி, இரண்டு மைக், சத்தம் வெளியே கசியாமலிருக்கச் சுவரெல்லாம் சாம்பல் நிறத் துணி, தெருப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல். கீழே ஒன்பது நாட்டு விஞ்ஞானிகளுக்கு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்ஃபோனைத் தொங்கவிட்டுக் கொண்டிருந்தார்கள். மேடையில் பேசுவதை வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியும் மொழியில் அந்த ஹெட்ஃபோன்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அக்காவின் வேலை. நிலையத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா. அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் போய்விட்டான், கூப்பிடும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தம்பி கடல்பனி விஞ்ஞானி. மூன்று வருஷத்துக்கு முன் வடதுருவக் கடலில் ஒரு கப்பலை வேண்டுமென்றே பனிக்குள் உறையவிட்டு, அதைச் சுற்றி ஒன்பது நாடுகளும் கூடாரம் போட்டு, பனி எவ்வளவு மெலிந்துவிட்டது என்று துளை போட்டு அளந்தன. அங்கே ஒரு கறாரான வழக்கம் உண்டு. தினமும் காலையில் துளை போடுகிறவரும் விஞ்ஞானியும் கொடி நட்ட பாதையில் நடந்து, துளை போட்டு, பனியின் கனத்தை அங்கேயே நின்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடாரத்துப் பலகையில் மாட்ட வேண்டும். சாயங்காலம் தாள் கப்பலுக்குப் போய்விடும். ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் பாதைக்குத் தன் மொழியில் எழுதும். தாள் இல்லாத நாளில் யாரும் பாதையில் கால் வைக்கக் கூடாது. எண்பத்தெட்டு நாள் ஒழுங்காக நடந்தது. எண்பத்தொன்பதாம் நாள் பனி உடைந்து தம்பி கடலுக்குள் போனான். அந்த இடத்தில் பனி பதினெட்டு சென்டிமீட்டர். பலகையில் மாட்டியிருந்த தாளிலோ, "கனம் 62. பாதுகாப்பு சரி" என்று எழுதி, கீழே தம்பியின் கையெழுத்து.

விசாரணைக்குழு இரண்டே நாளில் முடித்துவிட்டது. தம்பி யாரையும் எழுப்பாமல், துளையும் போடாமல், கூடாரத்துக்குள் உட்கார்ந்தே தாளை எழுதி மாட்டிவிட்டுத் தனியாகப் போயிருக்கிறான், அலட்சியம். கப்பலில் உட்கார்ந்து தினமும் அந்தத் தாள்களைப் படித்தவரும், விசாரணைக்குழுவுக்குத் தலைவருமான பேராசிரியர் அதோடு விடவில்லை. ஒரு தாளில் பொய் எழுதியவன் மற்ற எண்பத்தெட்டிலும் எழுதியிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டு, தம்பி அளந்த அத்தனையையும் தூக்கி ஓரமாகப் போட்டார். அதில் அவருக்கு லாபம் இருந்தது. சாட்டிலைட் படங்களை வைத்து அவர் போட்ட கணக்கைவிடப் பனி ரொம்ப மெலிந்துவிட்டது என்று தம்பியின் தாள்கள் சொல்லின. தாள்கள் போனால் அவர் கணக்குதான் கணக்கு. வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பனி இன்னும் பல வருஷம் தாங்கும், உலகத்து மழைக்கும் காற்றுக்கும் இப்போதைக்கு ஆபத்தில்லை என்று அறிக்கை சொல்லும். இன்று நான்கு மணிக்கு ஒன்பது நாடுகளும் அதில் கையெழுத்துப் போடப் போகின்றன. போட்டுவிட்டால் தம்பி காலத்துக்கும் அலட்சியக்காரன்.

"எங்க தொழில்ல ஒரு விதி இருக்கு" என்றாள் அக்கா. "மைக் முன்னாடி உக்காந்தா 'நான்'னா அது நான் இல்ல, மேடையில பேசறவர். அவர் 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லணும். விசாரணை அறிக்கையை அந்தாளு வாசிச்சப்ப இந்த நாற்காலியிலதான் இருந்தேன். 'நான் அவனை நம்பினேன், அவன் அலட்சியத்தால செத்தான்'. என் தம்பியைப் பத்தி, என் வாயால, 'நான்'னு."

"அப்ப இன்னைக்கு?" என்று மேடம் கேட்டார்.

அக்கா கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து வைத்தாள். பேராசிரியர் பேசப்போவதாக அவளே எழுதிவைத்த பேச்சு அது. நான்கு மணிக்கு அவர் மேடையில் என்ன பேசினாலும் சரி, ஹெட்ஃபோனில் ஒலிக்கப் போவது இதுதான். 'அந்தத் தாளை எழுதியது நான். பையனைக் கொன்றது நான்.' அவர் வாயசைக்க அசைக்க, ஒன்பது நாட்டுக் காதிலும் அவருடைய வாக்குமூலம் விழும்.

ஸ்பீக்கருக்கு உடம்பெல்லாம் ஜிலுஜிலுத்தது. திட்டம் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்பதுதான் அதில் சங்கடம். ஆனால் மேடம் தலையை ஆட்டினார். நிரூபிக்காமல் செய்தால் அரை மணியில் அவள் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள், பேராசிரியர் தியாகியாகிவிடுவார் என்றார்.

"மூணே முக்கால் வரைக்கும் உங்களுக்கு டைம்" என்றாள் அக்கா. "அதுக்கு மேல உங்க துப்பு எனக்கு வேண்டாம்."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு அக்காவின் கணவர் வந்தார். துருவத்தில் நம் குழுவின் கூடாரத்தையும் துளைக்கருவியையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். கூடாரக்காரர் என்றால் நிலையம் முழுக்கத் தெரியும். தம்பிக்கு அவர் மாமா. பார்க்கப் பரம சாது. மனைவியின் தொண்டைக்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். ஸ்பீக்கர் கையிலும் இரண்டைத் திணித்து, அந்தப் பேராசிரியரை மட்டும் விட்டுவிடாதீர்கள், மூன்று வருஷமாக இவள் சரியாகத் தூங்கவில்லை என்று தழுதழுத்துவிட்டுப் போனார். தங்கமான மனுஷன் என்று ஸ்பீக்கர் மனதுக்குள் சான்றிதழ் கொடுத்தான்.

மணி ஒன்று ஐம்பது. மேடம் எழுந்திருக்கும் முன் ஒரே கேள்வி கேட்டார். விசாரணைக்குழுவுக்காகக் கடைசித் தாளைப் பார்த்த கையெழுத்து நிபுணர் என்ன சொன்னார்?

நூற்றுக்கு நூறு தம்பியின் கையெழுத்துதான் என்று சொன்னார், கல்லூரி விடைத்தாளோடு ஒப்பிட்டாராம் என்றாள் அக்கா.

"அதுதான் உதைக்குது" என்றார் மேடம். "வாடா."

நிலையத்தின் அடித்தளத்தில் ஆவணக் காப்பறை. காப்பாளர் கழுத்து வரைக்கும் ஸ்வெட்டர் போட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இவர் துருவத்துக்கே போகாமல் துருவத்து ஜலதோஷத்தை வாங்கிக்கொண்டவர் என்று ஸ்பீக்கர் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. அதனால் அரை மணி நேரம் விதிமுறை பேசினார். அசல் வெளியே போகாது. பார்க்கலாம், அதே அளவில் நகல் எடுக்கலாம். கடைசித் தாள்தானே வேண்டும் என்று அதை எடுக்கப் போனார்.

"அது அப்புறம். முதல் எண்பத்தெட்டைக் காட்டுங்க."

காப்பாளர் கட்டை அவிழ்த்துப் பரப்பியதும் ஸ்பீக்கர் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். விஞ்ஞானி எழுதியதாகவே இல்லை. பென்சிலை இப்போதுதான் பிடிக்கப் பழகும் குழந்தை எழுதியது மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் இரண்டு வரி உயரம், எட்டு எது மூன்று எது என்று தெரியவில்லை, கையெழுத்து தாளைவிட்டு வெளியே ஓடியது. எண்பத்தெட்டும் அப்படியே. எண்பத்தொன்பதாவது தாளை மேடம் பக்கத்தில் வைத்தார். அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தது.

வெளியே நடைபாதையில் ஒரு பொம்மைக்குத் துருவ உடுப்பு மாட்டி நிறுத்தியிருந்தார்கள். மேடம் கண்ணைக் காட்டினார். ஸ்பீக்கர் காப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பொம்மையின் வலது கையுறையைக் கழற்றிவந்து மாட்டிக்கொண்டான். தலையணை உறைக்குள் கையை விட்டது போலிருந்தது. பென்சிலைப் பிடித்துத் தன் பெயரை எழுதினான். எழுதியதை அவனாலேயே வாசிக்க முடியவில்லை.

"மேடம், இதை பேங்குல காட்டினா என் செக்கை எனக்கே பாஸ் பண்ண மாட்டாங்க."

"அந்தக் குளிர்ல கையுறையைக் கழட்டினா விரல் விறைச்சிடும். பனியில நிக்கறவன் எழுத்து அவன் வீட்டு எழுத்தோட பொருந்தவே பொருந்தாது. நூத்துக்கு நூறு பொருந்துதுன்னா அது பனியில எழுதினது இல்ல."

ஸ்பீக்கருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போலி என்று நிரூபித்தாயிற்று, பேராசிரியர் மாட்டினார், அக்கா தன் பேச்சைத் தாராளமாக வாசிக்கலாம் என்று குதித்தான். மேடம் கடைசித் தாளுக்கும், முதல் எண்பத்தெட்டில் நான்கைந்துக்கும் நகல் வாங்கி மடித்துக்கொண்டு, கையுறையையும் இரவல் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். முகத்தில் மட்டும் வெற்றி எதுவும் இல்லை.

பேராசிரியர் மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தார். மூன்று முறை கட்டி மூன்று முறையும் அவிழ்த்திருந்தார். யாரையும் உட்காரச் சொல்லவில்லை. துப்பறிகிறவர்கள் என்று சொன்னதும், செத்துப்போன பையனைத் தோண்டித் தோண்டி எடுப்பதில் உங்களுக்கு என்ன சுகம் என்று கண்ணாடியைப் பார்த்தே கேட்டார். ஸ்பீக்கருக்கு அந்த டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட ஆசையாக இருந்தது.

அந்தப் பையனின் கையெழுத்து எப்படியிருக்கும் என்று மட்டும் மேடம் கேட்டார்.

"கோழி கிளறின மாதிரி" என்றார் பேராசிரியர் யோசிக்காமல். "எண்பத்தெட்டு நாள் கப்பல்ல உக்காந்து அதைப் படிச்சு என் கண்ணே போச்சு. மத்தபடி அவன்கிட்டேர்ந்து எனக்கு வந்ததெல்லாம் டைப் அடிச்சதுதான்."

"கடைசித் தாள் மட்டும் முத்து முத்தா இருக்கே?"

"அதைத்தாம்மா விசாரணையும் சொல்லுது. துளை போடப் போகவே இல்லை. கூடாரத்துக்குள்ள ஹீட்டர் பக்கத்துல உக்காந்து, கையுறை இல்லாம எழுதியிருக்கான். வெளியே போங்க, எனக்கு நேரமில்லை."

நடைபாதைக்கு வந்ததும் ஸ்பீக்கரின் உற்சாகமெல்லாம் காற்றுப்போன டயராகிவிட்டது. கடங்காரன் சொல்வதும் சரிதான். கதகதப்பில் உட்கார்ந்து தம்பியே எழுதியிருந்தாலும் வீட்டு எழுத்துதானே வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அலைந்து, விசாரணைக்குழு ஏற்கெனவே சொன்னதைத்தான் கண்டுபிடித்திருக்கிறோமா என்று புலம்பினான்.

"இல்ல. ஒண்ணு புதுசா தெரிஞ்சுது" என்றார் மேடம். "போலி போடறவன் தனக்குத் தெரிஞ்ச எழுத்தைத்தான் போடுவான். இந்தாளுக்குத் தெரிஞ்ச எழுத்து கோழி கிளறினது. இவர் போட்டிருந்தா அதைத்தான் போட்டிருப்பார்."

"அப்ப இவர் இல்லையா?"

"இவர் அயோக்கியர். ஆனா அந்தத் தாளை எழுதினது இவர் இல்ல."

ஸ்பீக்கருக்கு இதைவிடக் கசப்பான மாத்திரையை யாரும் கொடுத்ததில்லை. மேலே கண்ணாடிக் கூண்டில் அக்கா வாக்குமூலத்தைத் திருத்திக்கொண்டிருப்பாள். தப்பான ஆளின் வாயில் தப்பான கொலையைத் திணித்துவிட்டால், நாளைக்கு உண்மை தெரிந்தாலும் அவளை யாரும் நம்ப மாட்டார்கள், தம்பியையும் நம்ப மாட்டார்கள். மணி மூன்று பத்து. தம்பியின் வீட்டு எழுத்து யார் யாரிடம் இருந்தது என்பதுதான் இனிக் கேள்வி என்று சொல்லிவிட்டு மேடம் நடையை எட்டிப் போட்டார்.

அக்கா கேட்டதும் தயங்காமல் பதில் சொன்னாள். தம்பி அவளைத் தவிர யாருக்கும் கையால் கடிதம் எழுதியதில்லை. அதுவும் கப்பலிலிருந்து எழுதியது ஒன்றே ஒன்று. சாவதற்கு முந்தின நாள் எழுதியது. மூன்று வருஷமாக அது அவள் கைப்பையை விட்டுப் போனதே கிடையாது. மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. விசாரணைக்குழு அதைக் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. என் தம்பி எனக்கு எழுதினது அவங்களுக்கு எதுக்கு என்றாள்.

கடிதம் ஒரு பக்கம்தான். சாப்பாடு பரவாயில்லை, வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் கூசுகிறது, நீ அனுப்பிய கம்பளிக் காலுறையை மாமா தன்னுடையது என்று மாட்டிக்கொண்டார் என்று போனது. கடைசி வரிகளை ஸ்பீக்கர் இரண்டு தடவை படித்தான்.

'கவலைப்படாதே அக்கா. மாமா கூடவே இருக்கார். அதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? இதோ, இப்போதுகூட மேஜையை இடித்துவிட்டார். எழுத்து கோணியிருந்தால் அவரைக் கேள்.'

மேடம் கடிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் தாளின் நகலை வைத்தார். பின்னால் வெயில் நன்றாக அடித்தது. நகலை மெதுவாக, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். சட்டென்று நிறுத்தினார்.

ஸ்பீக்கர் எட்டிப் பார்த்தான். இரண்டு காகிதங்களிலும் 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல், ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தது. ஒரு சுழிகூட விலகவில்லை. கடிதத்தில் 'கா'வின் கால் கீழே இறங்கும்போது ஒரு வெட்டு வெட்டிப் பக்கவாட்டில் இழுத்திருந்தது, மேஜை இடிபட்ட இடம். கப்பலில் ஒரு சாயங்காலம் இடிபட்ட மேஜை, மறுநாள் கூடாரத்துத் தாளிலும் அதே இடத்தில், அதே அளவுக்கு இடிபட்டிருந்தது. தாளின் கீழே போட்டிருந்த கையெழுத்தும் கடிதத்தின் கீழே போட்டிருந்த கையெழுத்துமேல் கச்சிதமாகப் படிந்தது.

"ஒரே ஆள் ஒரே வார்த்தையை ரெண்டு தரம் எழுதினாலும் இப்படிப் படியாது" என்றார் மேடம். "இந்த லெட்டரை அடியில வெச்சு, மேல தாளை வெச்சு, வெளிச்சத்துல பிடிச்சு அப்படியே எடுத்திருக்காங்க. அம்மா, இந்த லெட்டர் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

அக்கா, கணவர் வைத்துவிட்டுப் போன மிட்டாய்களை மேஜையோரத்துக்குத் தள்ளினாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றுவதை ஸ்பீக்கர் பார்த்தான். அவன் வாயில் மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது, அதை எங்கே துப்புவது என்று தெரியாமல் விழித்தான். தங்கமான மனுஷன் என்று கொடுத்த சான்றிதழை நினைத்து அவனுக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது.

மூன்று நாற்பது. கதவு தட்டப்பட்டது. கூடாரக்காரர் வெந்நீர்ப் புட்டியோடு நின்றார். இன்றோடு அந்தாளு கதை முடிந்தது, நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் ரசித்துக் கேட்கப் போகிறேன் என்றார். பனிமுகாமில் ஐந்து மாதம் வெளிநாட்டுக்காரர்களோடு பழகியதில் அந்த மொழி அவருக்கு நன்றாகவே புரியும். மேடம் கடிதத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டார். நோட்டுப் புத்தகம் மடியில் திறந்திருந்தது.

"அருமையான லெட்டர். இவ்ளோ தூரம் பத்திரமா வந்திருக்கே."

"பின்ன?" என்றார் அவர் பெருமையாக. "எழுதின கையோட என்கிட்ட கொடுத்தான், அக்காகிட்ட சேத்துடுங்க மாமான்னு. ஊர் வந்து இவ கையில கொடுக்கற வரைக்கும் என் சட்டைப் பையை விட்டு எடுக்கல. வேற ஒருத்தர் கை படல."

மேடத்தின் பென்சில் கடைசிச் சொல்வரை சுருக்கெழுத்தில் பிடித்துக்கொண்டது.

"அன்னிக்குக் காலைல உங்களை எழுப்பியிருந்தா துளை போடப் போயிருப்பீங்க இல்ல?" என்று அக்கா கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது. மைக் முன்னால் உட்கார்ந்து பழகிய குரல்.

எழுப்பத்தான் இல்லையே, பிடிவாதக்காரப் பய என்றார் அவர். மூன்று வருஷமாகச் சொல்லும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். அவள் தலையாட்டினாள். நீங்க போய் உக்காருங்க, ஹெட்ஃபோனை மறக்காம மாட்டிக்குங்க என்றாள். அவர் போனார்.

கதவு மூடியதும்தான் மேடம் மீதியைச் சொன்னார். துளை போட வேண்டிய ஆள் படுக்கையை விட்டு எழவில்லை. நேற்றுப் பார்த்த இடம்தானே, நீ போ, தாளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மாமா சொன்னால் அவனுக்கு அது போதும். அவன் மூழ்கிய பிறகு பலகையில் தாள் இல்லை. தாள் இல்லையென்றால் முதல் கேள்வி துளை போடுகிறவருக்குத்தான் வரும். தம்பியின் குறிப்பேடு அவனோடு கடலில், மற்றத் தாள்களெல்லாம் கப்பலில். கையில் இருந்த எழுத்து சட்டைப்பையில் இருந்த கடிதம் ஒன்றுதான்.

"மூணு வருஷம்" என்றாள் அக்கா. "ராத்திரி நான் அழறப்பல்லாம் பக்கத்துல உக்காந்து, அந்தாளை விடாதே, அந்தாளை விடாதேன்னு சொல்லிக் கொடுத்தது இவர்தான். என் பழியைக்கூட இவரே திசை திருப்பி விட்டுட்டார்."

பேராசிரியருக்காக எழுதிய வாக்குமூலத்தை நாலாகக் கிழித்துத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டாள். ஸ்பீக்கர் அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. கோபத்துக்கு ஆள் மாறியிருந்தது, அளவு குறையவில்லை.

மேடம் கடிதத்துக்கு அதே அளவில் அவசரமாக ஒரு நகல் எடுத்து, அதையும், தாளின் நகலையும், எண்பத்தெட்டில் நான்கைந்தின் நகலையும், பொம்மையின் கையுறையையும் அள்ளிக்கொண்டு, மேடை ஓரத்தில் நின்ற சபைத் தலைவியிடம் போனார். வெள்ளைத் தலை, நெட்டை உருவம், வேறு நாட்டுக்காரி. மேடத்துக்கு அவள் மொழி தெரியாது. கையுறையை அவள் கையில் மாட்டி ஒரு பென்சிலைக் கொடுத்தார், பிறகு இரண்டு நகலையும் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். இருபது வருஷம் துருவத்தில் கிடந்த அந்தக் கிழவிக்கு அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

நான்கு மணிக்குப் பேராசிரியர் பேச எழுந்தார். ஸ்பீக்கர் கூண்டுக்குள்ளேயே அக்காவின் பின்னால் நின்றான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் ஒரு வாக்கியம் பேச, அரை வாக்கியம் பின்தள்ளி அக்கா அதை அந்நிய மொழியில் சொன்னாள். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. பனி, கனம், சாட்டிலைட், ஒன்பது நாட்டு ஒத்துழைப்பு. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, நான் நம்பிய ஒரு இளைஞன் தன் அலட்சியத்தாலேயே உயிரை விட்டான் என்றார். அதையும் அவள் 'நான்' என்றே சொன்னாள்.

பேராசிரியர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

"இதுவரை பேராசிரியர் பேசியது" என்றாள் அக்கா மைக்கில், அதே நிதானத்தோடு. "இனிப் பேசுவது மொழிபெயர்ப்பாளர். இறந்தவன் என் தம்பி."

கீழே நாற்பது தலைகள் ஒரேயடியாகப் பின்னால் திரும்பிக் கூண்டை அண்ணாந்து பார்த்தன. பேராசிரியர் ஒன்றும் புரியாமல் தம்ளரோடு நின்றார். அவர் காதில் ஹெட்ஃபோன் இல்லை. அக்கா அவசரப்படாமல் சொன்னாள். பனியில் நிற்கிற கை எப்படி எழுதும் என்று சொன்னாள், அந்த அரங்கில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது, எல்லாரும் மறந்திருந்தார்கள். கடிதத்தைச் சொன்னாள். அது யார் சட்டைப் பையில் வந்தது என்று சொன்னாள். 'என் கணவர்' என்று சொல்லும்போதும் குரல் பிசகவில்லை. சபைத் தலைவி எழுந்து, கையெழுத்துப் போட வேண்டிய அறிக்கையை மூடி வைத்து, அடித்தளத்திலிருந்து எண்பத்தெட்டுத் தாள்களும் இப்போதே மேலே வர வேண்டும் என்றாள். தாள்கள் வந்து, அவற்றைச் சேர்த்துத் திரும்பக் கணக்குப் போடும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடப் போவதில்லை. பேராசிரியரின் டை நான்காவது முறையாக அவிழ்ந்திருந்தது.

மூன்றாவது வரிசையில் கூடாரக்காரர் எழுந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கதவு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே ஹெட்ஃபோனில் கை வைத்தார்.

அக்கா கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டவைத்தது போல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அடுத்ததை அவள் மொழிபெயர்க்கவில்லை. வீட்டில் பேசும் பேச்சில், அவர் ஒருவருக்கு மட்டும் சொன்னாள்.

"என்னங்க, ஹெட்ஃபோனைக் கழட்டாதீங்க. எழுத்து கோணியிருந்தா உங்களைக் கேக்கச் சொல்லியிருக்கான் என் தம்பி. கேக்கறேன், சொல்லுங்க."